இடது கைக்கு எட்டியவரை

ஜனவரி 9, 2025, வியாழன்

வலது கையில் மாவுக்கட்டு, முழங்கைக்குக் கீழிருந்து விரல் கணு வரை. தைப்பூசத்துக்குள் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். "அது எப்போது?" என்றார் மருத்துவர். பிப்ரவரி 11 என்றேன். நாள்காட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஜனவரி 11, சனி

சட்டைக்குப் பொத்தான் போட இன்னொருவர் தயவு வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியில் ஏற்கெனவே பார்த்த நாடகமே மறுபடி ஓடுகிறது. சின்னவள் தன் மடிக்கணினியில் ஒரு விளையாட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "இதற்கு ஒரு கை போதும் அப்பா. அதுவும் இடது கைதான் வேண்டும்."

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இந்த மாதிரி விளையாட்டுகளை உருவாக்கத்தான் படிக்கிறாள். கட்டணம் கட்டுவது நான். என்ன படிக்கிறாள் என்று பார்க்க இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

பெயர் வாம்பயர் சர்வைவர்ஸ். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு ரத்தக்காட்டேரியும் கண்ணில் படவில்லை. வௌவால் வருகிறது, எலும்புக்கூடு வருகிறது, பேய் வருகிறது. காட்டேரியைக் காணோம்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நடப்பது. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகளில் இடது கை விரல்களை வைத்துக்கொண்டு ஆளை நகர்த்த வேண்டும். ஆயுதம் தானாக வீசிக்கொள்ளும். முதல் ஆள் அன்டோனியோ, கையில் சாட்டை. அந்தச் சாட்டை தொடக்கத்தில் முகம் பார்க்கும் பக்கம் மட்டும், அதுவும் கிடைமட்டமாகத்தான் வீசும். ஆகவே மேலிருந்தும் கீழிருந்தும் வருகிறவர்களை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வௌவால் தலைக்கு நேர் மேலே இறங்கிக்கொண்டிருக்க, என் ஆள் பக்கத்துப் புதரைச் சாட்டையால் விளாசிக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் விலகி, அவர்களைப் பக்கவாட்டுக்கு இழுத்துவந்தால்தான் அடி விழும். இது புரிந்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

செத்தவை நீலக் கற்களை உதிர்க்கின்றன. கற்கள் சேர்ந்தால் ஒரு படி ஏறலாம். ஏறும்போது விளையாட்டு நின்று மூன்று நான்கு பொருள்களைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்கிறது. சாட்டையைப் பலப்படுத்துவதா, புது ஆயுதம் எடுப்பதா? மொத்தம் ஆறு ஆயுதம், ஆறு துணைப்பொருள். அதற்கு மேல் இடமில்லை. கவனித்தேன், முதல் சில நிமிடங்கள் ஒவ்வொரு தேர்வும் உயிர்ப் பிரச்சினையாக இருக்கிறது. நான் பேருந்து ஓட்டுகிறவன். மழை நாளில் முனையத்தில் கதவைத் திறந்ததும் நாலு பக்கமிருந்தும் நெருக்கிக்கொண்டு வருவார்களே, அந்த நெருக்கம்தான் திரை முழுவதும்.

சோறு ஆறிப்போய்விட்டது. மனைவி முறைத்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இடது கையால் கரும்பு உடைக்க முடியாது.

ஜனவரி 16, வியாழன்

பூண்டு! ஆயுதமாகப் பூண்டு வைத்திருக்கிறார்கள். எடுத்தால் உடலைச் சுற்றி ஒரு வட்டம் விழுகிறது, உள்ளே வருகிறதெல்லாம் கருகுகிறது. குறி பார்க்க வேண்டாம், திரும்ப வேண்டாம், சும்மா நடந்தால் போதும். பூண்டோடு தொடங்குகிற ஆள் ஒரு கிழவர். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

சின்னவள் உதட்டைச் சுழித்தாள். "புதிதாக விளையாடுகிறவர்கள் எல்லாரும் பூண்டில்தான் விழுவார்கள். கடைசியில் அது உதவாது." உண்மைதான். எதிரிகள் தடித்துக்கொண்டே போகிறார்கள், பூண்டு ஈடுகொடுக்கவில்லை. ஆனால் அதை எட்டாம் படிவரை ஏற்றி, கூடவே தக்காளித் துணைப்பொருளையும் எடுத்துவைத்து, பத்து நிமிடத்துக்குப் பிறகு விழும் பெட்டியைத் திறந்தால் பூண்டு வேறொன்றாக மாறிவிடுகிறது, உயிர் உறிஞ்சும் வட்டமாக. சாட்டைக்கு ஒரு ஜோடி, கத்திக்கு ஒரு ஜோடி என்று பெரும்பாலானவற்றுக்கு உண்டு. எதனோடு எது சேரும் என்ற பட்டியலைத் தொடக்கத்தில் மறைத்துவைத்திருக்கிறார்கள். இரண்டாவது இடமான நூலகத்தில் போய் ஒரு புத்தகத்தை எடுத்தால்தான் கிடைக்கும். தேடுகிறவனுக்கு இது சுகம். என்னைப் போன்றவனுக்கு எரிச்சல்.

நான் பட்டியலை அவளிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 18, சனி

காப்பிக்கடைக்குக் கீழே இறங்கினேன். பக்கத்துக் கடையில் 4டி லாட்டரிக்கு வரிசை. எதிர்வீட்டு அங்கிள் என் கட்டைப் பார்த்துவிட்டு, விபத்து நடந்த தேதி என்ன என்று கேட்டார். அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். சீட்டில் குறித்துக்கொண்டார்.

மாலையில் அந்தப் பெட்டி விஷயம் மனத்தை அரித்தது. பெரிய எதிரி விழுந்தால் ஒரு பெட்டி கிடைக்கிறது. திறந்தால் திரை முழுவதும் வண்ண ஒளிக்கற்றைகள், மேளதாளம், காசு மழை. உள்ளே ஒரு பொருளா, மூன்றா, ஐந்தா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கிறார்கள். ஐந்து வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், கட்டு மேசையில் இடித்தது. சின்னவள் அப்போதுதான் சொன்னாள்: இதைச் செய்த லூக்கா காலன்டே என்ற இத்தாலியர் முன்பு சூதாட்ட விளையாட்டுகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவராம். சூதாட்டக் கூடத்துக்குள் போகச் சிங்கப்பூரர் ஒருவர் ஒரு நாளுக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். இங்கே மனுஷன் மின்னலையும் ஓசையையும் எடுத்துக்கொண்டு பணத்தை விட்டுவிட்டார். பெட்டி திறக்கக் காசு கேட்பதில்லை. கணினியில் விலை ஐந்து அமெரிக்க டாலருக்கு ஒரு காசு குறைவு; தேக்காவில் ஒரு தட்டு ஆட்டிறைச்சி பிரியாணிக்கு இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம். கைப்பேசியில் இலவசம், விளம்பரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நியாயமான வியாபாரம். ஆனாலும் அந்த மேளதாளம் எனக்கு எங்கே பிடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது கொஞ்சம் உறுத்துகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

டிப்போவிலிருந்து தொலைபேசி. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. கட்டுப் பிரித்ததும் பிடிமானச் சோதனை உண்டாம். அதில் தேறினால்தான் இருக்கையில் உட்கார விடுவார்களாம், தேறாவிட்டால் "வேறு பணி பார்க்கலாம்" என்றார்கள். வேறு பணி என்றால் என்ன? கட்டுப்பாட்டு அறையா, முனையத்தில் நின்று வரிசையை ஒழுங்கு செய்வதா? கேட்டேன், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார்கள்.

இரட்டை அடுக்குப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முரட்டு வலிமை வேண்டாம், எல்லாம் பவர் ஸ்டீயரிங்தான். ஆனால் ஈசூன் முனையத்துக்குள் திரும்பும்போது வட்டத்தை முழுக்கச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றில் வலது மணிக்கட்டு மடங்கி நிமிர வேண்டும். மடங்குமா? கட்டுக்குள் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். சுண்டுவிரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கட்டு இறுக்கத்தாலா, உள்ளேயே அப்படித்தானா? மருத்துவரிடம் கேட்டால் பொறுத்துப் பார்ப்போம் என்பார். மனைவியிடம் கேட்டால் முருகன் இருக்கிறான் என்பாள். இரவு இரண்டு மணிக்கு இருட்டில் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அவள் விழித்திருக்கிறாள், பேசவில்லை.

விளையாடவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

கண் வலி. இருபதாவது நிமிடத்தில் திரையில் எது நான், எது எதிரி என்று தெரிவதில்லை. எல்லாம் வெட்டி வெட்டி மின்னுகிறது, ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண் வேறு குதிக்கிறது. சின்னவள் அமைப்புக்குள் போய் ஒளிமின்னலையும் எண்களையும் அணைத்துவிட்டாள். இப்போது பரவாயில்லை. அணைக்க வழி வைத்தது நல்லது. ஆனால் என் வயதுக்காரன் அங்கே போய்த் தேடவா போகிறான்?

முன்பு கூட்டம் சேர்ந்தால் படம் திணறுமாம். இணைய உலாவியில் ஓடுகிற விளையாட்டுக்கான கருவியில்தான் முதலில் கட்டினார்களாம், 2023இல் யூனிட்டி என்ற வேறு கருவிக்கு மாற்றியபிறகு சீராகிவிட்டது என்கிறாள்.

ஜனவரி 26, ஞாயிறு

முப்பது நிமிடத்தைத் தொட்டேன். சரியாக 30:00இல் எல்லா எதிரிகளும் மறைந்து, அரிவாளோடு மரணம் வந்தது. ஓடினேன். அது என்னைவிட வேகம். தொட்டது, முடிந்தது. ஆனால் அது தோல்வி இல்லை, அந்த இடத்தைத் தாண்டியதாகத்தான் கணக்கு.

இப்போது குறையைச் சொல்லியாக வேண்டும். இன்றைய ஆட்டத்தில் பதினெட்டாம் நிமிடத்துக்குப் பிறகு நான் ஒன்றுமே செய்யவில்லை. சுற்றிச் சுற்றி வருகிற வேதப் புத்தகங்களும் மாறிப்போன பூண்டும் சேர்ந்துவிட்டன. எழுத்துகளிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஒற்றைக் கையால் தேநீர் ஆற்றிக் குடித்தேன். ஆள் நின்ற இடத்திலேயே நின்றான், சுற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். படி ஏறும்போது மட்டும் ஒரு பொத்தான். அதிலும் ஆறும் ஆறும் நிரம்பி உச்சத்துக்குப் போனபிறகு தேர்வென்று ஒன்றில்லை. காசு மூட்டையா, கோழிக்கறியா என்று கேட்கிறது. இதற்கு எதற்குப் பன்னிரண்டு நிமிடம்?

சின்னவள் விடவில்லை. "முதலில் வௌவாலுக்குப் பயந்து ஓடினீர்களே, இப்போது தேநீர் குடிக்கிறீர்கள். அந்த மாற்றம்தான் அப்பா இதன் சுகமே." அதில் உண்மை இருக்கிறது. அந்தத் தேநீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுகம் மூன்று நிமிடம், மீதி ஒன்பது வெறும் காத்திருப்பு. விளையாட்டில் சேர்த்த காசைக் கொடுத்துச் 'சாபம்' என்பதை ஏற்றிக்கொண்டால் எதிரிகள் கூடுவார்கள் என்றாள். கூட்டம் கூடினால் கல்லும் கூடும், கல் கூடினால் நானும் சீக்கிரம் வளர்வேன். கணக்கு பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

காத்திருப்பதற்கு எனக்கு விளையாட்டு தேவையில்லை. வீட்டிலேயே வேண்டியமட்டும் இருக்கிறது.

ஜனவரி 29, புதன்

சீனப் புத்தாண்டு. எதிர்வீட்டு அங்கிள் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். விபத்துத் தேதி ஆறுதல் பரிசுகூட வாங்கித் தரவில்லையாம். என் மீது கொஞ்சம் வருத்தம்.

பிப்ரவரி 1, சனி

பெரியவன் ராணுவ முகாமிலிருந்து வந்திருக்கிறான். இந்தச் சதுரச் சதுரப் படத்தைப் பார்த்து, "இதையா விளையாடுகிறீர்கள்?" என்று கேட்டான். அவனுடையது எல்டன் ரிங். சின்னவள் பாய்ந்துவிட்டாள். 2023இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த விளையாட்டுக்கான போட்டியில் எல்டன் ரிங்கும் இருந்தது, காட் ஆஃப் வார் ரக்னராக்கும் இருந்தது, இரண்டையும் தள்ளிவிட்டுப் பரிசை வாங்கியது இதுதான் என்றாள். அவன் நம்பாமல் கைப்பேசியில் தேடினான். தேடிய பிறகு பேச்சு இல்லை.

என் தீர்ப்பை யாரும் கேட்கவில்லை. எல்டன் ரிங்கை ஒற்றைக் கையால் ஆட முடியாது. என் ஓட்டு இதற்கு.

இரவு பார்த்தால் அவனே உட்கார்ந்திருக்கிறான். அந்த மரணத்தைக் கொல்ல முடியுமா என்று பார்க்கிறானாம். அதன் உயிர்ப்புள்ளி 655,350, அதை நம் படி எண்ணால் பெருக்க வேண்டும். மணி இரண்டாகியும் விளக்கு அணையவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பால்குடத்தை இரு கையாலும் பிடிக்க வேண்டும். மனைவி சொல்கிறாள், இந்த வருடம் என் பேரில் அவள் எடுக்கிறாளாம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெயிலில், அந்த முழங்காலோடு. வேண்டாம் என்றேன். நான் முருகனிடம் பேசிக்கொள்கிறேன், நீங்கள் தலையிட வேண்டாம் என்றாள்.

சுண்டுவிரல் இன்று இன்னும் கொஞ்சம் மடங்குகிறது. மடங்குகிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

சின்னவள் வேறொன்றைக் கொண்டுவந்தாள்: ப்ரோடாட்டோ. ஒரு உருளைக்கிழங்கு, ஆறு ஆயுதம், அதே மொய்க்கும் கூட்டம், ஏறக்குறைய அதே விலை. ஆனால் முப்பது நிமிட நீட்டல் இல்லை. அலை அலையாக வருகிறது. முதல் அலை இருபது விநாடி, கடைசியான இருபதாவது அலை தொண்ணூறு விநாடி. ஒவ்வோர் அலைக்கும் நடுவில் கடை. கையில் இருக்கிற காசுக்குக் கவசமா, வேகமா, இன்னொரு கத்தியா? இங்கே கடைசிவரை கை நடுங்குகிறது. பத்தொன்பதாவது அலைக்கு முன்னால் தப்பாக ஒன்றை வாங்கினால் இருபதில் தெரிந்துவிடும். நான் கேட்டது இதைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பொருளின் கீழும் இத்தனை கூட்டல், இத்தனை கழித்தல் என்று பொடி எழுத்து. கடையில் நிற்கிற நேரம் அலையைவிட நீளுகிறது. சாட்டைக்காரன் தந்த அந்த வெறும் நடை சுகம் இதில் கிடையாது. வேலை முடித்து அலுத்து வருகிறவனுக்கு அது, வீட்டில் முடங்கிக் கிடக்கிறவனுக்கு இது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அவள் எடுத்தாள். நான் பின்னால் நடந்தேன், கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கோயில் வாசலில் குடத்தை இறக்கும்போது ஒரு துளிகூடச் சிந்தவில்லை. விளையாட்டு நினைவு ஒருமுறைகூட வரவில்லை. கால் கொப்புளத்துக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தது சின்னவள்.

பிப்ரவரி 12, புதன்

நாளை காலை எட்டரைக்கு எக்ஸ்ரே. நல்லபடியாக இருந்தால் கட்டைப் பிரிப்பார்கள். டிப்போவுக்கு நானே அழைத்துச் சொல்வதா, அவர்கள் அழைக்கட்டும் என்று விடுவதா? அவள் பேசாமல் இருக்கச் சொல்கிறாள், பெரியவன் இன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறான். மின்னஞ்சலில் என்ன எழுதுவது, "ஐயா, சுண்டுவிரல் முக்கால்வாசி மடங்குகிறது" என்றா?

உருளைக்கிழங்கு பதினேழாவது அலையைத் தாண்டிவிட்டது. கையில் காசு இருக்கிறது. கடையில் கவசம் ஒன்று, அதைவிட விலை கூடிய துப்பாக்கி ஒன்று. கவசம்தான் புத்திசாலித்தனம். ஆனால் துப்பாக்கியை எடுத்தால் ஒரே மாதிரி இரண்டு சேர்ந்து பலமான ஒன்றாகிவிடும்.