நிலாவில் இருப்பது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

அரூரில் இருந்து தீர்த்தமலை போகிற வழியில் எங்கள் ஊர். சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணையில் பதினோரு பிள்ளைகள் படிக்க வருவார்கள். வாய்ப்பாடு, வீட்டுப்பாடம் என்றுதான் தொடங்குவோம். கரண்ட் போய்விட்டால் பேச்சு வானத்துக்குப் போய்விடும்.

போன வாரமும் அப்படித்தான். "அக்கா, பஸ்ஸில் போனா நிலா ஏன் கூடவே வருது?" என்று ஒரு பையன் ஆரம்பித்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து பார், ரோட்டோரப் புளியமரம் சர்ரென்று பின்னால் ஓடும், தீர்த்தமலை மட்டும் கூடவே வருகிற மாதிரி இருக்கும், மலை தூரத்தில் இருப்பதால் அப்படி என்றேன். நிலா இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி. சரி என்று தலையாட்டினான்.

அப்புறம் மூன்றாவது படிக்கிற பெண் கேட்டாள்: "நிலாவுல தண்ணி இருக்காமே. அது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அவள் வீட்டு வாசலில் இரண்டு குடம் இருக்கும். பச்சைக் குடத்தில் போர் தண்ணி, பாத்திரம் கழுவ. நீலக் குடத்தில் ஒகேனக்கல் தண்ணி, குடிக்க. மாற்றி மொண்டால் அம்மாவிடம் திட்டு விழும். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன்னால் அதைத்தான் குடித்து வளர்ந்தேன். என் பல்லில் அந்தப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. தண்ணி என்றதும் எந்தத் தண்ணி என்று கேட்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கம்.

"பெரியவளானா தெரிஞ்சுக்குவே" என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அதற்குள் கேள்வி ஆறிப்போகும். நாளைக்குச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

மறுநாள் சொன்னேன். 2008-ல் நாம் அனுப்பிய சந்திரயான்-1-இல் இருந்த நாசாவின் கருவி, நிலாவின் மண்ணில் தண்ணீரின் அடையாளத்தைக் கண்டுபிடித்தது. 2009 அக்டோபரில் நாசா, தென் துருவத்துக்குப் பக்கத்தில் கேபியஸ் என்ற பெரிய குழிக்குள் ஒரு ராக்கெட் பாகத்தை வேண்டுமென்றே மோத விட்டது. எழும்பிய புழுதியில் தண்ணீர் இருந்தது. கூடவே அம்மோனியா, கந்தகம் கலந்த வாயு, பாதரசம் எல்லாம் இருந்தன.

"அப்போ பச்சைக் குடத்துத் தண்ணி" என்றாள்.

ஆமாம், சுத்தம் பண்ணாமல் வாயில் வைக்க முடியாது. அதுவும் தண்ணியாக இல்லை, மண்ணோடு கலந்த ஐஸ். அந்தக் குழிகளுக்குள் வெயில் படுவதே கிடையாது; சில இடங்களில் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. தோண்டி எடுத்து உருக்க வேண்டும்.

"உருக்க விறகு ஏது?"

துருவத்தில் சில குழிகளின் விளிம்பு மேட்டில் முக்கால்வாசி நாள் வெயில் அடிக்கும், அங்கே சோலார் வைக்கலாம் என்றேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு குழி வரைந்தாள். விளிம்பில் சோலார் தகடு. அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி வந்து, ஒரு பானைக்குப் போனது. பானைக்குப் பக்கத்தில் ஒரு குடம் வரைந்து, நீலப் பென்சிலைக் கடன் கேட்டாள்.