லண்டனில் மேஜைகளின் பளபளப்பைத் தேடி

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நகைகளையும் ஆடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேல்தளத்தில் 2012-ல் திறக்கப்பட்ட மரச்சாமான் கூடம் ஒன்று இருக்கிறது. நான் லண்டனுக்குப் போனதே அதற்காகத்தான்.

பழைய ஓக் சாமான்களின் முன்னால் குனிந்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். செதுக்கலின் பள்ளங்களில் தேன்மெழுகும் தூசியும் கலந்து கறுத்துக் கிடக்கின்றன. கைபட்ட மேடுகள் மட்டும் வெளிறி, வழவழவென்று இருக்கின்றன. மரத்தின் நுண்துளைகள் மூடப்படவில்லை. அடங்கிய இந்த மினுக்கத்துக்கு ஈடாக எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மஹோகனி மேஜைகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். கண்ணாடிபோல் முகம் தெரிந்தால், அது 18-ஆம் நூற்றாண்டு மேஜையாகவே இருந்தாலும் அந்தப் பளபளப்பு பிற்காலத்தியதாக இருக்கலாம். அக்காலத்தில் ஆளிவிதை எண்ணெய், மெழுகு, வார்னிஷ் ஆகியவைதாம் வழக்கம். எண்ணெய் பூசிய மரத்தில் செங்கல் பொடியைத் தூவித் துணியால் தேய்க்கும் முறையை ஆங்கில மரச்சாமான் வடிவமைப்பாளர் தாமஸ் ஷெரட்டன் 1803-லேயே எழுதிவைத்திருக்கிறார். பூச்சியிடமிருந்து கிடைக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் இங்கிலாந்தில் பரவியது அதற்குப் பிறகுதான். அந்த மோகத்தில் விக்டோரியா காலத்தவர் முந்தைய தலைமுறைகளின் மேஜைகளையும் சுரண்டி எடுத்து மெருகேற்றிவிட்டார்கள். பாலிஷ்காரர்களின் கைத்திறனை நான் மெச்சுகிறேன். ஆனால் சுரண்டிய பழைய பரப்பு போனது போனதுதான். அதை நினைக்க இன்னும் மனம் ஆறவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எளிய கைவினைக்குத் திரும்பிய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணியினர் இதற்கு நேர்மாறு. மூடிய அறையில் ஓக்கை அம்மோனியா ஆவியில் வைத்தார்கள். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதனோடு வினைபுரிந்து, சாயம் பூசாமலே பழுப்பேறியது.

கிளம்புமுன் ஜப்பானியக் கூடத்தில் மசரின் பெட்டி என்ற அரக்குப் பெட்டியைத் தவறாமல் பாருங்கள். 1640 வாக்கில் செய்யப்பட்டது. அதன் அரக்கு பூச்சியிடமிருந்து வருவதல்ல, உருஷி மரத்தின் பால். ஈரக்காற்றில்தான் இறுகும், இறுகியபின் ஸ்பிரிட்டுக்கும் அசையாது. வெளிச்சம்தான் அதற்குப் பகை. பெட்டியின் பூச்சு வெளிச்சத்தால் நலிந்துபோனதால், ஜப்பானிய வல்லுநர்களோடு சேர்ந்து அதைச் சீர்செய்தார்கள். கறுப்புப் பரப்பில் பொன்தூளால் வரைந்த காட்சிகள் இப்போதும் தெளிவாகத் தெரிகின்றன.