அந்தத் தலைப்பைத் தள்ளிவைக்கச் சொன்னேன்

"வேலை நிரந்தரமாகட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்றுதான் சொன்னேன். எழுதாதே என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை ஆறு ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த கறுப்பினப் பெண் அவர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் பாட்டி வீட்டு நிலம் கைவிட்டுப் போனதிலிருந்து கிளம்பிய ஆய்வு. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் வாரிசுகள் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்காக வரும். எங்கோ நகரத்தில் இருக்கும் பங்காளியிடம் வெளியாள் ஒருவர் சிறு பங்கை வாங்குவார். பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போவார். பல வழக்குகளில் நிலம் மொத்தமும் ஏலத்துக்கு வந்தது. கறுப்பின விவசாயக் குடும்பங்கள் நிலம் இழந்த வழிகளில் இதுவும் ஒன்று. கூட்டுப் பட்டாவின் தொல்லை தெரிந்த எனக்கு, அவர் பாதி சொல்லும்போதே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் தள்ளிவைக்கச் சொன்னேன்.

காரணங்கள் பொய்யல்ல. பெரிய இதழ்கள் 'குறுகிய தலைப்பு' என்று திருப்பி அனுப்பும். வேலை நிரந்தரமாக உதவிப் பேராசிரியருக்குக் கிடைப்பதோ ஆறேழு ஆண்டுகள். பொருளாதார அறிஞர் லிசா குக்கை எடுத்துக்காட்டினேன். இனவன்முறை கறுப்பினத்தவரின் காப்புரிமைகளை எப்படிக் குறைத்தது என்ற அவருடைய கட்டுரை, பல ஆண்டுகள் அலைந்து 2014-இல்தான் அச்சேறியது.

"ஆனாலும் அச்சேறியதே" என்றார் என் மாணவர்.

(அந்த லிசா குக்தான் 2022-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர் குழுவின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரானார். அன்று இருவருக்கும் அது தெரியாது.)

நான் விடவில்லை. சேடி அலெக்சாண்டரைச் சொன்னேன். 1921-இல் பொருளாதார முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்த 100 கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கைத்தரம் அவர் ஆய்வு. பொருளாதாரத்தில் தகுந்த வேலை கிடைக்காமல் சட்டம் படித்து வழக்கறிஞரானார். நல்ல எச்சரிக்கை என்று நினைத்தேன். சேடி எதை எழுதியிருந்தாலும் கதவை அடைத்திருப்பார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் மாணவர் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் ஆய்வை யாராவது குறுகியது என்றார்களா?"

என் ஆய்வு கொங்கு வட்டாரக் கிணற்றுப் பாசனம். அதில் ஒரு கிணறு என் தாத்தாவுடையது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வளர்ச்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைத்தார்கள். ஊரும் மொழியும் தெரிந்தவன் என்பது என் பலமாகவே எண்ணப்பட்டது. அதே நெருக்கம் அவரிடம் இருந்தால் பக்கச்சார்பு என்பார்கள்.

"அது வேறு" என்றேன். எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை.

பேசியது ஆங்கிலத்தில், அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. தமிழில் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவர் வாயில் 'நீங்கள்' வருகிறது, என் வாயில் 'நீ' வந்துவிடுகிறது.

கடன் அட்டை வட்டி பற்றி எழுதினார். நல்ல பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. நன்றியுரையில் என் பெயர்தான் முதலில். ஆகவே நான் சொன்னது பலித்தது. பிடிவாதமாக இருந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்பதற்கு என்னிடம் தரவு இல்லை. அவரைப் பாதுகாத்தேனா, அல்லது என் மாணவர் வேலையின்றி நிற்கும் அவமானத்திலிருந்து என்னையா?

ஜனவரி மாநாட்டில் பார்த்தேன். அந்த ஏலப் பதிவுகளின் நகல்கள் மூன்று பெட்டிகள், வீடு மாறியபோது கூடவே கொண்டுவந்தாராம். எப்போது எழுதப்போகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.