காயாததன் மேல் பூசாதே

சித்திர மாஸ்டர் காலமான செய்தி வந்த கிழமையே பழைய மாணவர் சங்கச் செயலாளர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார். "எல்லாரும் பிரம்புக் கதைதான் எழுதுவினம், நீர் வேறை ஏதாவது எழுதும்" என்றார். சரி, பிரம்பை விடுவோம். மாஸ்டர் திருப்பித் திருப்பிச் சொன்ன விதிகளை, அவர் ஒருநாளும் நேரில் காணாத அமெரிக்க ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் யாரோ கேட்ட கேள்விக்கு, "அமெரிக்கனுக்கு என்ன ஓவியம்? அவன் காரைச் செய்யட்டும்" என்றவர் அவர்.

காரைப் பற்றி அவர் சொன்னது முழுக்கப் பிழையில்லை. சாள்ஸ் ஷீலர் என்பவர் 1927 இல் ஃபோர்ட் கம்பனியின் றிவர் றூஜ் தொழிற்சாலையைப் புகைப்படம் எடுக்கப் போனார். பிறகு அந்தப் படங்களை வைத்தே 1930 இல் 'அமெரிக்க நிலக்காட்சி'யை வரைந்தார். புகைபோக்கி, கால்வாய், சரக்கு வண்டிகள். தூரிகை போன தடமே தெரியாத பூச்சு. தண்டவாளத்தில் மட்டும் ஒரு சின்ன மனித உருவம், தேடினால்தான் அகப்படும்.

மாஸ்டரின் முதல் விதி, காயாததன் மேல் பூசாதே. எங்களிடம் இருந்தது தண்ணீர் நிறப் பெட்டி; விதியை மீறினால் தாள் பொருமும், நிறம் சேறாகும், ஏச்சு விழும், அத்தோடு சரி. எண்ணெய் வண்ணத்தில் அதே குற்றத்துக்குத் தண்டனை பல வருடம் கழித்துத்தான் வரும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஒட்சிசனை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகுகிறது. ஆகவே அடியில் பூசும் படை டர்பன்டைன் கலந்து எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம். தலைகீழாகச் செய்தால் மேற்படை முந்தி இறுகிவிடும். அடியில் கிடப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும். இறுகியதுதான் கிழியும்.

அல்பேட் பிங்கம் றைடர் (1847–1917) இந்த விதியை மீறுவதையே தொழிலாக வைத்திருந்தவர். நியூயோர்க்கில் ஒரே படத்தை வருடக்கணக்காக வைத்து மினைக்கெடுவார். ஈர வண்ணத்தின் மேல் வார்னிஷ், அதன் மேல் மறுபடி வண்ணம், இடையில் லேசில் காயாத, தார் போன்ற பிற்றுமின் கறுப்பு. நிலவொளிக் கடலும் ஒற்றைப் படகுமாக அந்தப் படங்கள் அவர் காலத்தில் ஒளிர்ந்தன என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தில் அவருடைய படங்கள் பல இருக்கின்றன. நேரே நின்று பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: வற்றிய குளத்து மண் போல அகன்ற வெடிப்புகள், வெடிப்புக்குள்ளே அடியில் பூசிய படையின் கருமை. அவர் பூசிய நிறம் எது, பழுது கொண்டுவந்த நிறம் எது என்று பிரிப்பது பழைய படங்களைப் பழுதுபார்க்கும் திருத்துநர்களுக்கே பெரும்பாடு. இருந்தாலும் நான் றைடரை விட்டுக்கொடுக்க மாட்டேன். மாஸ்டர் பார்த்திருந்தால் பூச்சியம் போட்டிருப்பார்.

இரண்டாவது விதி உங்களுக்கு மனப்பாடம். தேவையான நிறத்தை முதலே கலந்து வை. பிறகு அதே நிறம் உன் பாட்டனுக்கும் வராது. நாங்கள் இதை மாஸ்டரின் கஞ்சத்தனம் என்று நினைத்தோம். கறுப்பின ஓவியர் ஜேக்கப் லோறன்ஸ் 1940–41 இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் செய்த வேலையைப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த கதையை 60 பலகைகளில் சொல்ல வந்தார். ஒவ்வொன்றும் 12க்கு 18 அங்குல ஹார்ட்போர்ட், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. முதலில் வாசகங்களை எழுதி, அறுபதிலும் பென்சிலால் வரைந்துகொண்டார். பிறகு ஒரு நிறத்தை எடுத்து, அது வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் அதைப் பூசினார். இருண்ட நிறத்தில் தொடங்கி வெளிர் நிறங்களுக்கு வந்தார். காரணம் பொருளில் இருக்கிறது. பாற்புரதமான கேசினில் குழைத்த வண்ணம் சட்டென்று காயும். காய்ந்ததும் ஈரத்தில் கண்ட நிறமாக இருக்காது. இன்று ஒரு பலகை, அடுத்த மாதம் ஒரு பலகை என்று செய்திருந்தால் அறுபது பலகையில் அறுபது மஞ்சள் வந்திருக்கும். கேசின் இறுகினால் உடையக்கூடியது; அசையாத பலகை அதற்குப் பொருந்தும். வேலை முடிந்தபோது வயது 24ஐத் தாண்டவில்லை. இப்போது இரட்டை எண்கள் நியூயோர்க் நவீன கலைக்கூடத்தில், ஒற்றை எண்கள் வொஷிங்டன் பிலிப்ஸ் கலைக்கூடத்தில். குடும்பங்கள் பிரிந்து பெயர்ந்த கதையை இப்படிப் பங்கு போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை.

இனி அந்த அசெம்பிளி. இன்னொரு படத்தை யன்னல் கண்ணாடியில் வைத்து ஒற்றி எடுத்தவனைப் பற்றி எழுதாமல் மாஸ்டரைப் பற்றி எழுத முடியாது. பெயர் வேண்டாம், எங்கள் செட்டுக்குத் தெரியும். அதிபர் பார்க்க, கீழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பார்க்க, தாளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். "இது படமில்லை, களவு" என்றார் மாஸ்டர். அதற்குப் பிறகு அவன் சித்திர அறைப் பக்கம் வரவில்லை. ஏ.எல்.லில் கொமர்ஸ் எடுத்தான்.

தோமஸ் ஈக்கின்ஸ் (1844–1916) மாஸ்டருக்குப் பிடித்திருக்கக்கூடிய ஆள். ஃபிலடெல்பியாவில் பென்சில்வேனியா அக்கடமியில் படிப்பித்தவர். உடற்கூறு தெரியாதவன் உடம்பு வரையக்கூடாது என்று மாணவரைப் பிணம் அறுக்கும் மேசைக்கே கொண்டுபோனவர். பெண் மாணவர்களும் இருந்த வகுப்பில் ஆண் மொடலின் கோவணத்தை அகற்றிய விவகாரத்தில் 1886 இல் பதவி விலக வைக்கப்பட்டவர். படகோட்டும் படங்களுக்கு அவர் போட்ட பார்வைக்கோட்டு வரைபடங்கள் பொறியியலாளனுடையவை போல இருக்கும். இப்படியானவர் கையாலேயே அளந்து வரைந்திருப்பார் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். 2001 இல் ஃபிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சிக்காகத் திருத்துநர்கள் அகச்சிவப்புக் கதிரில் படங்களை ஆராய்ந்தபோது உண்மை வெளியில் வந்தது. 1880களின் தொடக்கத்தில் செய்த சில படங்களில், 'வலை திருத்துதல்' உட்பட, அவர் புகைப்படத்தை விளக்கொளியால் துணியில் வீழ்த்தி உருவங்களை ஒற்றியிருக்கிறார். பூசப் பூசப் பென்சில் கோடு மறையும் அல்லவா, அதற்கும் வழி வைத்திருந்தார்: தோள், முழங்கால், தொப்பி விளிம்பு என்று முக்கியமான இடங்களில் ஊசி முனையால் வண்ணத்தில் சின்னச் சின்னக் கீறல். மேலே பூசினாலும் கீறல் தட்டுப்படும். உருவம் இடம் மாறாது. ஒரு படத்துக்கு ஒரு புகைப்படம் என்றுமில்லை. மனிதர் ஒன்றிலிருந்து, மரம் இன்னொன்றிலிருந்து.

இதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. களவென்று சொல்லக்கூடிய மாஸ்டர்மார் அங்கேயும் இருந்திருப்பார்கள். என் எண்ணம், மாஸ்டர் பொருளைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, ஒற்றுவதைப் பற்றிச் சொன்னது பிழை. ஒற்றினால் கிடைப்பது எல்லைக்கோடு மட்டும். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதைக் கண்ணாடி சொல்லித்தராது.

நியூயோர்க் ஓவியர் றொபேட் ஹென்றையின் கூட்டத்தை மாஸ்டர் வகுப்புக்குள் விட்டிருக்க மாட்டார். 1908 பெப்ரவரியில் மக்பெத் கலரியில் சேர்ந்து படம் வைத்த எட்டுப் பேரில் நால்வர் பத்திரிகைக்குச் செய்திப் படம் வரைந்தவர்கள். சந்து, குப்பை, மதுச்சாலை, அவசரத் தூரிகை. அந்த ஹென்றையிடம் படித்த எட்வேட் ஹொப்பர் மட்டும் அவசரப்படாதவர். 1942 இல் வரைந்த 'இராப்பறவைகள்' படத்தில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குத் தெருவிலிருந்து உள்ளே போகக் கதவைத் தேடிப் பாருங்கள், இல்லை.

ஜக்ஸன் பொலொக் மாஸ்டரின் எதிர்க்கட்சி என்று நினைப்பீர்கள். அவரும் ஒரு கண்டிப்பான மாஸ்டரின் பிள்ளைதான். தோமஸ் ஹாட் பென்டன் களிமண்ணில் சிறு உருவங்கள் செய்து, ஒரு பக்கத்திலிருந்து விளக்குப் பிடித்து, நிழலைப் பார்த்த பிறகே சுவரோவியம் தொடங்குபவர். அவரிடம் படித்த பொலொக் 1947 இலிருந்து துணியை நிலத்தில் விரித்துத் வீட்டுக்குப் பூசும் எனாமல் பெயின்ற்றைத் தடியால் வார்த்தார். குழாய் வண்ணம் கட்டியாக விழும். எனாமல்தான் அறுபடாத நூலாக ஓடும். ஆனால் தடிப்பாகத் தேங்கிய இடத்தில் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் நின்று, தோல் சுருங்கிவிடும். அவருடைய படங்களில் அந்தச் சுருக்கத்தைக் கண்ணால் காணலாம். முதல் விதி அங்கேயும் விடவில்லை. தனக்கு அக்கறையுள்ள ஒரே அமெரிக்க ஓவியர் றைடர் என்று பொலொக் 1944 இல் சொன்னது எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஃபிரான்ஸ் கிளைனின் பெரிய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரே வீச்சில் வந்தவை போல நிற்கும். பலவற்றுக்குத் தொலைபேசிப் புத்தகத் தாளில் போட்ட சிறு வரைவு முதலே இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெரிதாக்கினார். அவர் பாவித்த சிங்க் (துத்தநாக) வெள்ளை காலம் போக உடைந்து உரியும் குணமுள்ளது. 

இவற்றை மாஸ்டருக்குக் காட்டியிருக்கலாம். எங்களில் எத்தனை பேர் இந்த நாடுகளுக்கு வந்தோம், வருடா வருடம் இராப்போசனமும் வைக்கிறோம். ஒரு தடித்த படப்புத்தகம் அனுப்பத் தபாற்செலவு கூட என்று விட்டோம். அவரும் கேட்கிற மனிதரில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அதே உடைந்த பானையைத்தான் வைத்து வரையக் கொடுத்தார் என்று ஊரிலிருந்து சொன்னார்கள்.

அவர் பெயரில் பரிசுக் கேடயம் என்று சங்கம் பேசுகிறது. கேடயத்தை விடுங்கள். அந்தக் காசில் ஹார்ட்போர்ட் வாங்கி 12க்கு 18 அங்குலமாக வெட்டிக் கொடுப்போம். மினுக்கப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, சோக்கும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சை மெல்லியதாக நாலைந்து தரம், ஒன்று காய்ந்த பிறகு மற்றது. பசை கூடினால் வெடிக்கும், குறைந்தால் மாவாக உதிரும். பின்பக்கமும் பூச வேண்டும், இல்லையென்றால் பலகை வளையும். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: ஒற்றி வரையும் பிள்ளையை அசெம்பிளிக்குக் கூப்பிடக்கூடாது.