மொட்டை மாடி வரை பாட்டு: எங்கே வயர்லெஸ், எங்கே வயர்

வீடு முழுக்க ஒரே பாட்டு ஓட வேண்டும், ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனாலும் மொட்டை மாடிக்கு ஏறினாலும் ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது. ஆசை இதுதான் என்றால் ப்ளூடூத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் பாட்டு திக்கும், யாராவது அழைத்தால் நிற்கும், நடுவில் ஒரு கான்கிரீட் தளம் வந்துவிட்டால் அவ்வளவுதான். இதற்கு வைஃபைதான் சரி.

வைஃபையிலும் ஆயத்தமாக வாங்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. ஆப்பிள் 2018-ல் கொண்டுவந்த ஏர்ப்ளே 2 பல ஸ்பீக்கர்களில் ஒரே நேரத்தில் பாட வைக்கும், சோனோஸ் கம்பெனி ஸ்பீக்கர்களும் அப்படித்தான், காசு இருந்தால் வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகக் கேட்கலாம். ஆனால் எனக்கு இந்த விஷயத்தில் ஓப்பன் சோர்ஸ்தான் (யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருள்) பிடிக்கும். நெட்வொர்க் வழியாகப் பாட்டு போடும் ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? லாஜிடெக் அதை 2012-ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் அதன் சர்வர் மென்பொருள் ஓப்பன் சோர்ஸாக இருந்ததால், இன்றைக்கு லிரியன் என்ற பெயரில் ஆர்வலர்கள் கையில் உயிரோடு இருக்கிறது, அந்தப் பழைய பெட்டிகளும் இன்னமும் பாடுகின்றன. கூகுள் 2019-ல் நிறுத்திய குரோம்காஸ்ட் ஆடியோ என்ற, ஸ்பீக்கரில் செருகும் குட்டிக் கருவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்காற்று நேராக அடிக்கும் தெரு. ஹாலில் ஒரு ராஸ்பெரி பை 4 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்), அதில் பல அறைகளுக்கு ஒரே பாட்டை அனுப்பும் ஸ்னாப்காஸ்ட் என்ற மென்பொருளின் சர்வர். சமையலறை, மாடி இரண்டிலும் அதைவிடச் சின்னதான ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ, அதன் தலையில் டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு சின்ன டிஏசி போர்டு, அப்புறம் ஒரு கிளாஸ் டி (அதிகம் சூடாகாத வகை) ஆம்ப்ளிஃபயர். ஐபோனிலிருந்து ஏர்ப்ளேயில் வருவதை ஷேர்போர்ட் சிங்க் என்ற மென்பொருள் வாங்கிக்கொள்ளும். ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் அப்பாவின் பழைய கச்சேரிப் பதிவுகளைப் போட எம்பிடி என்ற மியூசிக் பிளேயர். இரண்டும் சர்வரில் வந்து சேரும், அங்கிருந்து எல்லா அறைக்கும் போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் சுருக்காமல் அனுப்பினாலே நொடிக்கு 1.5 மெகாபிட்தான், எனவே வேகமான ரவுட்டர் தேடி அலைய வேண்டாம்.

உண்மையான சவால் எல்லா ஸ்பீக்கரையும் ஒரே தாளத்தில் நிறுத்துவது. ஒவ்வொரு போர்டிலும் நேரம் எண்ண ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது, எந்த இரண்டு படிகமும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 10 நிமிடத்தில் 30 மில்லி செகண்ட் விலகிவிடும், அதன் பிறகு காதுக்கு எதிரொலியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஸ்னாப்காஸ்ட் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் நேர முத்திரை குத்தி அனுப்புகிறது; வாங்கும் பக்கம் தன் கடிகாரத்தை சர்வரோடு அடிக்கடி ஒப்பிட்டு, பிந்தினாலும் முந்தினாலும் துளித்துளியாகச் சரிசெய்துகொள்கிறது. இதற்காக முன்னிருப்பாக ஒரு நொடி தாமதித்துத்தான் பாடும். பாட்டுக்கு அது பொருட்டே இல்லை. டிவி பார்க்கத்தான் ஆகாது, உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும்.

டிஏசி, ஆம்ப்ளிஃபயர் மாறினால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதைக் கிளையண்ட் (பாட்டை வாங்கும் ஒவ்வொரு பை) வாரியாக மில்லி செகண்டில் திருத்தலாம். இதற்கு நான் மிருதங்கத் தனி ஆவர்த்தனம்தான் போடுவேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நிலைப்படியில் நின்று கண்ணை மூடிக் கேட்டால், ‘தி’ என்ற ஒரு சொல் ‘திதி’ என்று இரட்டையாக விழுவது பளிச்சென்று தெரியும். எண்ணை ஐந்தைந்தாக மாற்றிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே அடியாகக் கேட்கும், அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். வயலினோ குரலோ போட்டால் இது பிடிபடாது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும் என்பதால், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து கேட்கிற இடத்தில் நின்று செய்வதுதான் முறை.

ஸ்பீக்கர் பட்டியலிலேயே வரவில்லை என்றால் பெரும்பாலும் போன் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும். பை ஸீரோவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், அதுவும் நல்லதுக்குத்தான், சுவரையும் தளத்தையும் 5 கிகாஹெர்ட்ஸைவிட அது நன்றாகத் தாண்டும். சேனலை மட்டும் 1, 6, 11 இவற்றில் அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைவானதாகப் பார்த்து வைத்துவிடுங்கள்.

இனி மொட்டை மாடி. பேட்டரி போட்ட வயர்லெஸ் ஸ்பீக்கரை வெயிலிலும் மழையிலும் நிரந்தரமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சித்திரை வெயிலுக்கு பேட்டரி தாங்காது, உப்புக்காற்றில் சார்ஜிங் முனை பச்சை பூத்துவிடும். மின்னணு சமாச்சாரம் எல்லாம் கூரைக்குள் இருக்கட்டும், வெளியே வெறும் ஸ்பீக்கர் மட்டும் போகட்டும். பையும் ஆம்ப்ளிஃபயரும் மாடிப்படி ஹெட்ரூமுக்குள் (படி முடியும் இடத்துக் கூரை அறை) ஒரு பெட்டியில் இருக்கின்றன; அங்கிருந்து சன்ஷேடுக்குக் கீழே மாட்டிய இரண்டு 8 ஓம் ஸ்பீக்கருக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். 15 மீட்டர் தூரத்துக்குப் போய்வர மொத்தத் தடை 0.36 ஓம்தான், 8 ஓமோடு ஒப்பிட்டால் ஐந்து சதவீதத்துக்கும் உள்ளே, போதும். பிராக்கெட், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வயர் போட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், “சார், நேரா உள்ள விடக் கூடாது, கொஞ்சம் தொங்கவிட்டு மேல ஏத்தணும், இல்லைன்னா தண்ணி வயரைப் பிடிச்சுக்கிட்டே பெட்டிக்குள்ள வந்துரும்” என்று சொல்லி, துளைக்குக் கீழே ஒரு வளைவு விட்டார். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் வந்து சொட்டிவிடுகிறது, ஐப்பசி அடைமழையிலும் பெட்டி காய்ந்தே இருந்தது. இணைப்பு கொடுக்கும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் வயரில் தொட்டு, இரண்டு கூம்பும் ஒரே திசையில் நகர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மாறியிருந்தால் பாஸ் (அடித்தொனி ஒலி) காணாமல் போய்விடும்.

திறந்த வெளியில் பாஸ் ஏற்கெனவே குறைவாகத்தான் கேட்கும், திருப்பி அனுப்ப நாலு சுவரும் கூரையும் இல்லையே. ஸ்பீக்கரை நட்டநடுவில் வைக்காமல் சுவரோடு ஒட்டி மாட்டினால் கொஞ்சம் மீளும். மாடிக்கு ஸ்டீரியோவும் தேவையில்லை. துணி காயப்போடுபவரும் தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவரும் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள், இரண்டு பக்கத்தையும் கலந்து மோனோவாக அனுப்பினால் எல்லோருக்கும் முழுப் பாட்டும் கேட்கும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் இறங்கும், அதனால் ஒரே ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட இரண்டைத் தள்ளி வைத்து மெதுவாகப் பாடவிடுவது மேல். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, விதி இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டியதுதான். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்று கேட்டு ஆம்ப்ளிஃபயர் குமிழை ஒரு அளவில் நிறுத்திவிட்டேன், போனில் எவ்வளவு ஏற்றினாலும் அதைத் தாண்டாது. 10 மணி ஆனதும் மாடி மட்டும் தானாக மியூட் ஆக சர்வரில் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) இருக்கிறது. ஸ்னாப்காஸ்ட்டுக்கு ஜேசன் ஆர்பிசி என்ற எளிய எழுத்து வடிவச் செய்தி முறையில் கட்டளை அனுப்பலாம், நாலைந்து வரி ஸ்கிரிப்ட் போதும், வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.