அறுபது ஆண்டுகள் தூங்கிய அம்மை

கடந்த சித்திரையில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு இறங்கி வந்த மறுநாள், அம்மாவுக்கு வலப்பக்க விலாவில் எரிச்சலும் குத்தலுமாக ஒரு வலி தொடங்கியது. குனிந்து நிமிர்ந்ததில் தசை பிடித்துக்கொண்டது என்று முடிவுகட்டி, தைலம் தேய்த்து, வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்து மூன்று நாட்களை ஓட்டினோம். நான்காம் நாள் காலையில், முதுகெலும்பின் ஓரத்திலிருந்து மார்புக்குக் கீழ்வரை, சிவந்த தோலின் மேல் சவ்வரிசியை ஒட்டியதைப் போல நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தன. பார்த்த மாத்திரத்தில் பெரியம்மா சொன்னார்: "இது அக்கி. வெயில்ல நின்ன சூடு. கொசப்பேட்டைக்குப் போய் எழுதிட்டு வாங்க."

அக்கி எழுதுவது என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மண்பாண்டம் செய்பவர் காவிக்கல்லைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் பூசி, அருகில் சிங்க உருவம் ஒன்றையும் வரைந்து அனுப்புவார். என் தாத்தாவின் முதுகில் அப்படியொரு சிவப்புச் சிங்கத்தைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நான் மருத்துவரிடம் போகலாம் என்று நின்றேன். அயனாவரத்திலிருந்து கொசப்பேட்டை கூப்பிடு தொலைவுதான் என்பதால் பெரியம்மாவைச் சமாதானப்படுத்துவது எளிதாக இல்லை.

மருத்துவர் சீட்டில் அக்கியின் மருத்துவப் பெயரை, 'ஹெர்ப்பிஸ் ஸோஸ்டர்' என்று எழுதினார். அந்த முதற்சொல்லை இணையத்தில் தேடிப் பார்த்த தம்பி பெங்களூரிலிருந்து தயங்கித் தயங்கிப் பேசியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாலுறவால் பரவும் ஹெர்ப்பிஸ், அந்தப் பெயர்கொண்ட வைரஸ் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் மட்டுமே. மனிதரைத் தம் வீடாகக் கொண்ட ஹெர்ப்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. உதட்டோரக் கொப்புளம், சின்னம்மை, கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சல் விட்டதும் தோன்றும் ரோஜா நிறத் தடிப்பு எல்லாம் இவற்றின் வேலைதான். ஒருமுறை நுழைந்தால் சாகும்வரை உடலை விட்டுப் போகாமல் ஏதோ ஒரு வகை உயிரணுவில் பதுங்கிக்கொள்வதே இவை அனைத்துக்கும் பொதுவான குணம். அம்மாவுக்கு வந்தது புது நோயே அல்ல, என்றோ வந்துபோன சின்னம்மையின் மிச்சம் என்று மருத்துவர் சொன்னபோது, அதை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பூடாபெஸ்டில் குழந்தைகள் மருத்துவராக இருந்த போக்காய், பெரியவர் ஒருவருக்கு அக்கி வந்த வீட்டில் சில நாட்கள் கழித்துக் குழந்தைகளுக்குச் சின்னம்மை போடுவதைக் கவனித்திருந்தார். 1900இல் ஹென்றி ஹெட்டும் காம்ப்பெல்லும், அக்கி வந்து பின்னர் இறந்துபோன 21 பேரின் உடல்களை ஆராய்ந்து, தண்டுவடத்தையொட்டிய நரம்பு முடிச்சுகளில் சேதம் இருப்பதைக் காட்டினார்கள். தோலில் தெரியும் பட்டை ஒரே நரம்பு ஊட்டும் பகுதி என்பதால்தான் அது நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரு பக்கமாகவே நிற்கிறது. அக்கி இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டிக்கொண்டால் உயிர் போய்விடும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்படி முட்டுவது ஏன் அநேகமாக நடப்பதேயில்லை என்பதற்கான விளக்கம் அந்த 21 பேரின் நரம்புகளில் இருந்திருக்கிறது.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், தம்மிடம் வந்த நோயாளிகளில் யாருக்கு எப்போது அக்கி வந்தது, அவர்களுக்கு வயது என்ன, முன்பு சின்னம்மை வந்ததா என்று 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்தார். சேர்ந்தவை 192 பேரின் குறிப்புகள். சின்னம்மை பருவம் பார்த்து அலையலையாக வந்தது. அக்கிக்கோ பருவமும் இல்லை, அலையும் இல்லை, வயது ஏற ஏற அது கூடிக்கொண்டே போனது. வெளியிலிருந்து தொற்றும் நோய் இப்படி நடந்துகொள்ளாது. ஆகவே, சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது, உடலின் எதிர்ப்பாற்றல் அதைக் கட்டிக் காக்கிறது, அந்தக் காவல் தளரும்போது அது விழித்து நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது என்று 1965இல் எழுதினார். 85 வயதுவரை வாழ்பவர்களில் பாதிப் பேருக்கு ஒருமுறையாவது அக்கி வரும் என்பது அவருடைய கணக்கு. இது உண்மைதான் என்பதற்கு மூலக்கூற்றுச் சான்று கிடைக்க மேலும் 19 ஆண்டுகள் ஆயின. 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரே நோயாளிக்கு முதலில் வந்த சின்னம்மையிலிருந்தும் பிறகு வந்த அக்கியிலிருந்தும் எடுத்த வைரஸ்களின் டிஎன்ஏவை நொதிகளால் துண்டாக்கிப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் கதையும் இதோடு சேர்ந்ததே. அமெரிக்க மருந்தியலாளர் கெர்ட்ரூட் எலியனின் குழுவினர் ஆராய்ந்து வளர்த்த அசைக்ளோவிர், சாதாரண உயிரணுவுக்குள் ஏறக்குறைய சும்மா கிடக்கும். வைரஸ் தன் பெருக்கத்துக்காகத் தயாரிக்கும் ஒரு நொதி அதைத் தொட்டால்தான் அது மருந்தாகிறது. எதிரி தன் கையாலேயே பூட்டைத் திறந்துவிடுகிறான். அதனாலேயே உறங்கும் வைரஸை அது ஒன்றும் செய்ய முடியாது, ஏனெனில் உறங்குவது அந்த நொதியைத் தயாரிப்பதில்லை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்றார் மருத்துவர். பெரியம்மாவிடம் நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுதான் நியாயம். காவிப் பூச்சின் மேல் எனக்குப் பகை இல்லை, அதில் கரையும் நாட்களின் மேல்தான்.

அண்மையில் வந்த ஓர் ஆய்வு இதைவிட வியப்பூட்டுகிறது. வேல்ஸில் 2013 செப்டம்பரில் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கே அது கிடைத்தது. சில நாட்கள் முன்னதாகப் பிறந்தவர்களுக்கு எப்போதும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் ஒத்த இந்த இரு கூட்டத்தாரை ஒப்பிட்டு 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஏழாண்டுகளில் மறதிநோய் வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாகச் சொல்கிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. அதில் போடப்பட்டது வீரியம் குறைத்த வைரஸ் கொண்ட பழைய ஊசி. இப்போது கிடைக்கும் இரண்டு தவணை ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை.

அம்மாவின் கொப்புளங்கள் காய்ந்து உதிரும்வரை, சின்னம்மைக்கு இன்னும் ஊசி போடாத தம்பியின் எட்டு மாதக் குழந்தையைச் சென்னைக்கு அழைத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பொருக்கு உதிர்ந்து இரண்டு மாதமாகியும், ரவிக்கையின் ஓரம் உரசினால் இன்னும் சுருக்கென்கிறது என்கிறார்.

தனக்கு எப்போது அம்மை போட்டது என்று அம்மாவுக்கு நினைவில்லை. பெரியம்மாவுக்கு இருந்தது. வில்லிவாக்கம் வீட்டில், வாசலில் வேப்பிலை செருகி, அம்மாவை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தியிருந்தார்களாம். அப்போது அம்மாவுக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு முதலில் போட்டு, அவனிடமிருந்து வந்ததாம். அப்படியானால் இத்தனை ஆண்டுகளும் விலாவில் கிடந்தது அவன் கொடுத்ததுதானே என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "பாவம், அவனுக்கும் அக்கி வந்திருக்குமோ என்னவோ" என்றார்.