சுருக்கொப்பம் இல்லாத வரைவு

முப்பத்தோரு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு வரலாறு படிக்க உட்கார்ந்தால் மன்னர்களும் தளபதிகளும் மனதில் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள். ஒட்டிக்கொண்டவர் சர் எயர் குரோ, பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து அதன் நிரந்தரச் செயலர், அதாவது அங்கே அதிகாரிகளில் தலைமைப் பதவி, வரை போனவர்.

பிறந்தது 1864-ல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில். அப்பா பிரிட்டிஷ் கான்சல், அம்மா ஜெர்மானியர். இங்கிலாந்தை முதன்முதலில் பார்த்தபோது பையனுக்கு வயது 17. வெளியுறவு அலுவலகத் தேர்வுக்குப் படிக்க வந்தார். ஆங்கிலம் அப்போது அவருக்குச் சரளமாக வராது. 1885-ல் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் சாகும்வரை அந்த ஒரே அலுவலகம்தான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 1907 ஜனவரி 1 தேதியிட்ட நீண்ட குறிப்பாணையில் போய் நின்றுகொள்வார்கள். ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே போவது மிரட்டிப் பணம் பறிப்பவனுக்குக் கப்பம் கட்டுவது மாதிரி என்று வாதிட்ட குறிப்பாணை அது. சரி, முக்கியமானதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, அதைப் படித்துவிட்டு முன்னாள் நிரந்தரச் செயலர் சாண்டர்சன் எழுதிய மறுப்பு. வெளிநாட்டான் கண்ணுக்கு நம் பேரரசு எப்படித் தெரியும் தெரியுமா? உலகம் முழுக்கக் கைகால் நீட்டிப் படுத்திருக்கும் ராட்சதன், விரலெல்லாம் வாதம், பக்கத்தில் யார் வந்தாலும் அலறுகிறான். கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதினார்.

குரோ செய்த காரியங்களில் நான் கையெடுத்துக் கும்பிடுவது 1906-ன் பதிவறைச் சீர்திருத்தத்தை (பதிவறை என்றால் வரும் தாள்களைப் பதிவு செய்து கோப்பாக்கும் பிரிவு). அதற்கு முன்பு, பல்கலைக்கழகம் படித்து வந்த இளைஞர்களுக்கு அங்கே வேலை நகலெடுப்பதும் சங்கேதத் தந்தியைப் பிரிப்பதும்தான். யோசிக்கிற வேலையெல்லாம் மேலே. குரோ பெரும்பங்கெடுத்த புது ஏற்பாட்டில் தாள் பதிவறைக்குப் போய், உறை போட்டு, முதலில் இளையவர் மேஜைக்கு வரும். அவர் தன் கருத்தை எழுதி மேலே அனுப்புவார். அலுவலகத்தில் கோப்புப் பணி பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் உலகப் போர் வந்தது. எதிரி நாட்டுக்குச் சரக்குப் போகாமல் தடுக்கும் பிரிவை நடத்தியவர் இவர்தான். அம்மாவும் மனைவியும் ஜெர்மானியர் என்று சொல்லிப் பத்திரிகைகள் இவரையே தூற்றின. ஜெர்மனியை நம்பாதே என்று பல வருஷம் எழுதிக்கொண்டிருந்தவரை!

1920-ல் நிரந்தரச் செயலரானார். 1924 அக்டோபரில், தேர்தல் நெருங்கும் நேரத்தில், சோவியத் கம்யூனிஸ்ட் தலைவர் சினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. பிரிட்டனில் புரட்சிக்குத் தூண்டும் கடிதம். போலி என்பதே இன்று பொதுவான கருத்து. தொழிற்கட்சிப் பிரதமர் மெக்டொனால்டுதான் வெளியுறவு அமைச்சரும். பிரசாரத்தில் இருந்த அவருக்குச் சோவியத் தூதரகத்துக்கான கண்டனக் கடித வரைவு போனது. நிறையத் திருத்தித் திருப்பி அனுப்பினார். ஒப்புதலுக்கு அடையாளமான சுருக்கொப்பம், அதாவது பெயரின் முதலெழுத்துக் கையெழுத்து, போடவில்லை.

இங்கேதான் என் வயிறு கலங்குகிறது. திருத்தியிருக்கிறார் என்றால் ஒப்புதலா? டெய்லி மெயில் நாளிதழின் கையில் கடிதத்தின் நகல் வேறு இருந்தது. எந்த நேரமும் அச்சாகலாம். ஒப்புதல்தான் என்று எடுத்துக்கொண்டு அக்டோபர் 24 அன்று குரோ அனுப்பச் சொல்லிவிட்டார். கடிதமும் கண்டனமும் மறுநாள் நாளிதழ்களில். 29-ஆம் தேதி தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. தோல்விக்கு அது மட்டுமே காரணம் இல்லைதான், அந்தக் கட்சியின் வாக்குகள் கூடவே செய்தன. பழி மட்டும் அலுவலகத்தின் மேல் விழுந்தது. பொறுப்பு என்னுடையது என்று குரோ ஏற்றுக்கொண்டார்.

அதிகாரி பென்சிலால் திருத்திய வரைவைச் சுருக்கொப்பம் பார்க்காமல் நானும் ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். சாதாரண நினைவூட்டுக் கடிதம்தான். 17-ஏ மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை, வந்தது. ஆறு மாதம் ஊதிய உயர்வு தள்ளிப்போனது. விளக்கத்தில் ‘திருத்தம் இருந்ததால் ஒப்புதல் எனக் கருதினேன்’ என்று எழுதினேன். அப்போது குரோவின் பெயரே எனக்குத் தெரியாது.

அவர் 1925 ஏப்ரல் 28 அன்று இறந்தார், பணியில் இருக்கும்போதே. வயது 60.